சர்வர் மீது பழி போடலாமா?

‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க.’ அரசு அலுவலகம், வங்கி, இ-சேவை மையம் என எங்கேனும் ஓரிடத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சமவெளி நகரங்களில் இதன் விலை சில மணி நேர அலைச்சல். மலை மாவட்டமான நீலகிரியில் அந்த விலை அதிகம். பந்தலூர்ப் பகுதியின் தோட்டத் தொழிலாளி ஒருவர் மாவட்டத் தலைநகரான உதகைக்கு வர வேண்டும் என்றால், ஒரு வழிக்கே 70 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் பயணிக்க வேண்டும். ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து, வந்த வேலையும் முடியாமல் திரும்பும் அவருக்கு, எந்த சர்வர் எங்கே நின்றுபோனது என்று யாரும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால், பல நேரங்களில் பதில் வியப்பளித்திருக்கும். சென்னையிலோ டெல்லியிலோ உள்ள மையக் கணினிகள் சில வேளைகளில் உண்மையாகவே முடங்குகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த ஊழியரின் மேசைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சில அடி தூரத்திலேயே கோளாறு இருப்பதும் உண்டு. தளர்ந்த நெட்வொர்க் கேபிள், உயிரிழந்த யுபிஎஸ் பேட்டரி, நிரம்பி வழியும் ஹார்டு டிஸ்க், ஆண்டுக் கணக்கில் புதுப்பிக்கப்படாத மென்பொருள் ஆகியவை எல்லாம் ‘சர்வர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கின்றன. தொலைவில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மீது பழியைப் போட்டுவிட்டால், அருகில் உள்ளதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகிறது. மின் ஆளுமை பற்றிய நம் விவாதங்களில் பேசப்படாத பகுதி இதுதான்.

சிறு பேட்டரி, பெரிய முடக்கம்

ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஒவ்வொரு மேசைக் கணினியின் மதர்போர்டிலும் நாணய வடிவில் ஒரு சிறு பேட்டரி உண்டு. சில பத்து ரூபாய்க்குக் கடைகளில் கிடைப்பது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கணினியின் கடிகாரம் ஓடுவதற்கு அதுவே காரணம். மின்சாரம் இருக்கும்வரை அதற்கு வேலை அதிகமில்லை. மின்வெட்டு மிகுந்த, இரவிலும் விடுமுறையிலும் பிளக் பிடுங்கப்படும் அலுவலகங்களில் அது விரைவாகத் தீர்ந்துபோகிறது. தீர்ந்த பிறகு, ஒவ்வொரு முறை மின்சாரம் போய்வரும்போதும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும்.

பாதுகாப்பான ஒவ்வோர் இணையதளத்துக்கும் ஒரு மின்னணுச் சான்று உண்டு. அது இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை மட்டுமே செல்லும் என்று வரையறுக்கப்பட்டது. பத்தாண்டுகள் பின்னால் இருக்கும் கணினிக்கு, இன்றைய சான்று இன்னும் நடப்புக்கே வராத ஒன்றாகத் தெரியும். எனவே, ‘இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று திரை மறுத்துவிடும். அலுவலக நெட்வொர்க்கில் மையப்படுத்தப்பட்ட பயனர் கணக்கு இருந்தால், கடிகாரம் ஐந்து நிமிடங்களுக்கு மேல் பிசகினாலே, சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே நுழைய முடியாமல் போகலாம். மின்னணுக் கையொப்பமும் தவறான நாளில் விழும். இத்தனை குழப்பங்களுக்கும் வெளியே சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: சர்வர் டவுன்.

இதைக் கண்டறிய ஆழ்ந்த பொறியியல் அறிவு தேவையில்லை. முறையாகக் கேட்கும் பழக்கம் போதும். கோளாறு ஒரே கணினியிலா, அறையில் உள்ள எல்லாவற்றிலுமா? ஒரே இணையதளம் திறக்கவில்லையா, எதுவுமே திறக்கவில்லையா? ஒரே ஊழியரின் கணக்கில் மட்டுமா? எப்போது தொடங்கியது, அதற்குமுன் என்ன மாறியது? அருகிலிருந்து தொலைவை நோக்கி நகரும் இந்தக் கேள்விகள்தாம் கணினிப் பராமரிப்பின் இலக்கணம். பக்கத்து மேசையில் அதே இணையதளம் திறக்கிறது என்றால், சர்வர் நிற்கவில்லை என்பது அப்போதே உறுதி. இந்த ஒரு சோதனையைச் செய்வதற்குக்கூடப் பல அலுவலகங்களில் பொறுப்பானவர் என்று எவரும் இல்லை.

மலையின் தனிக் கணக்கு

நீலகிரியில் இந்தக் கேள்வி கூடுதல் அழுத்தம் பெறுவதற்கு இயற்கை ஒரு காரணம். கூடலூர், பந்தலூர் வட்டங்களைத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் நனைக்கிறது. அது ஓயும் வேளையில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதங்கள் மாவட்டத்தின் ஏதாவது ஒரு பக்கம் மழையில் இருக்கிறது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாடே வியந்து பார்த்தது. 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், சாலைகள் துண்டிக்கப்பட்டன.

மழையோடு மரங்கள் மின்கம்பிகள் மீது விழுகின்றன. மின்சாரம் போவதைவிடவும், அது தடுமாறித் தடுமாறித் திரும்புவதே கணினிக்குப் பெரிய கேடு. 1930களில் பைக்காராவில் தொடங்கிய நீர்மின் உற்பத்தியால் சமவெளிக்கு வெளிச்சம் தந்த மலை இது. அங்குள்ள அலுவலகக் கணினிகள் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் பழுதாவது முரண்தான். எர்த் இணைப்பு சரியாக இல்லாத கட்டடத்தில், ஓர் இடியோடு கணினியின் பவர் சப்ளையும், அதனுடன் கேபிளால் பிணைக்கப்பட்ட சுவிட்சும் சேர்ந்தே கருகலாம். ஈய அமில பேட்டரி கொண்ட யுபிஎஸ் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வலுவிழக்கிறது. அதன்பின் அது மேசைக்கடியில் இருக்கும் வெறும் பாரம்.

ஈரப்பதம் இன்னொரு பகை. மூடுபனி சன்னல் வழியே உள்ளே வரும் அறைகளில், தூசியோடு ஈரம் சேர்ந்து கணினியின் உள்ளிணைப்புகளில் படிகிறது. காலையில் இயக்கினால் திரை வராமல் ‘பீப்’ ஒலி மட்டும் கேட்கும். ரேமைக் கழற்றி, அதன் இணைப்பு முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்துவது நம் ஊர் கணினிப் பழுதுபார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. ஆனால், அதைச் செய்ய வேண்டியவர் கோவையிலிருந்து மலையேறி வர வேண்டும் என்றால், அதுவே மூன்று நாள் முடக்கமாகிறது. மண் சரிந்து பாதை மூடினால், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது.

தேயிலை விலையும் கணினித் திரையும்

இந்த முடக்கத்தால் பாதிக்கப்படுபவர்கள் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவர்கள் மட்டுமல்லர். நீலகிரியின் பொருளாதாரமே கணினித் திரையின் வழியாகத்தான் இப்போது ஓடுகிறது. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. ஒரு காலத்தில் ஏலக்கூடத்தில் குரல் கொடுத்துக் கேட்ட வணிகர்கள், இன்று தத்தம் அலுவலகக் கணினியில் விலையைப் பதிவுசெய்கிறார்கள். தேயிலை வாரியத்தின் மின்னணு ஏலம் 2016இல் அகில இந்திய அளவில் ஒருங்கிணைக்கப்பட்டது; தென்னிந்திய மையங்களில் 2022இல் புதிய ஏலமுறையும் தளமும் வந்தன.

இந்த ஏலத்தின் சராசரி விலைதான், சிறு விவசாயிகள் பறித்துத் தரும் பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் குறைந்தபட்ச விலைக்கு அடிப்படை. விற்பனைத் தொகையில் விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்பது கணக்கு. அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்று, 2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு நீலகிரியின் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தனர். ஒரு ரூபாய் ஏற்ற இறக்கம்கூடக் குடும்பங்களின் அடுப்பைத் தொடும் இடம் அது.

விலையைக் கணினி தீர்மானிப்பதில்லை, சந்தைதான் தீர்மானிக்கிறது. ஆயினும், சந்தைக்குள் நுழையும் வாசல் கணினிதான். தொழிற்சாலையில் கொழுந்தின் எடையைக் கணக்கில் ஏற்றுவது, தயாரான தேயிலையின் விவரத்தைக் கிடங்குக்கும் தரகருக்கும் அனுப்புவது, ஜிஎஸ்டி ரசீது போடுவது, லாரி மலையிறங்க இ-வே பில் எடுப்பது என ஒவ்வொரு படியும் ஒரு மேசைக் கணினியைத் தாண்டியே செல்கிறது. குறித்த நேரத்தில் விவரம் பதிவாகவில்லை என்றால், அந்தச் சரக்கு அந்த வார ஏலத்தைத் தவறவிடக்கூடும். ஏலம் தள்ளினால் பணம் தள்ளும். பணம் தள்ளினால் விவசாயிக்கான பட்டுவாடாவும் தள்ளும். தனியார் பெருந்தோட்டங்களுக்கு இதைச் சமாளிக்கத் தனிப் பிரிவுகள் உண்டு. சிறு விவசாயிகளை உறுப்பினர்களாகக் கொண்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகளும் ஏல அலுவலகங்களும் சிறு ‘பாட்லீஃப்’ ஆலைகளும் ஓரிரு கணினிகளை நம்பியே இயங்குகின்றன.

சுற்றுலாவும் அப்படியே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. மலைக்குள் வருவதற்கான அனுமதியும், மலையிலிருந்து சரக்கு இறங்குவதற்கான அனுமதியும் மின்னணு மயமாகிவிட்ட மாவட்டத்தில், கணினிப் பராமரிப்பு இனிமேலும் அலுவலக உதவியாளரின் உபரி வேலையாக இருக்க முடியாது. சாலை, குடிநீர், மின்சாரம்போல அதுவும் பொதுக் கட்டமைப்பின் ஒரு பகுதி.

ஆள் சென்று தொட வேண்டிய கணினி

‘எல்லாமே மையப்படுத்தப்பட்டுவிட்டன, கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ தொலைநிலையிலேயே சரிசெய்துவிடலாமே’ என்று கேட்கப்படுவதுண்டு. இதற்கு உலகம் 2024 ஜூலை 19 அன்று விடையளித்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இந்திய நேரப்படி அன்று காலை அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பு, விண்டோஸில் இயங்கிய ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இது மைக்ரோசாஃப்ட் தந்த மதிப்பீடு. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்ட காட்சி பலருக்கு நினைவிருக்கும்.

அந்தப் புதுப்பிப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும், உலகம் மீண்டெழப் பல நாள்கள் ஆயின. காரணம் எளிது: முழுமையாக இயங்கத் தொடங்காத கணினியைத் தொலைவிலிருந்து தொட முடியாது. பெரும்பாலானவற்றின் முன்னால் ஒருவர் நேரில் சென்று உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் இயக்கி, பிழையான கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளில் நீண்ட மீட்புக் குறியீட்டையும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் குறியீட்டை எங்கே எழுதிவைத்திருக்கிறோம் என்று தெரிந்த நிறுவனங்கள் விரைவில் மீண்டன.

எவ்வளவுதான் மையப்படுத்தினாலும், கடைசி நூறு மீட்டருக்கு ஒரு மனிதர் தேவைப்படுகிறார் என்பதே இதன் பாடம். சொல்லப்போனால், மையப்படுத்த மையப்படுத்த அந்தக் கடைசி நூறு மீட்டரின் முக்கியத்துவம் கூடுகிறது. முன்பு கணினி நின்றால் பேரேட்டில் எழுதி வேலையைத் தொடரலாம். இப்போது பேரேடும் கணினிக்குள் இருக்கிறது.

பூட்டாத கதவுகள்

பராமரிப்பின்மை வேலையை முடக்குவதோடு நிற்பதில்லை. களவுக்கும் கதவைத் திறந்துவைக்கிறது. 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த ‘வான்னாகிரை’ தாக்குதல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்கள் அதை நிறுவாமல் விட்டவர்களே பெருமளவில் பாதிக்கப்பட்டனர். 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகள் சில இவ்வாறே பூட்டப்பட்டு, 1,950 டாலர் மதிப்புள்ள கிரிப்டோ பணம் கோரப்பட்டது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் முடக்கப்பட்டு, நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை வாரக் கணக்கில் காகிதத்தில் இயங்கியது. நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

நெட்வொர்க்கைப் பிரிப்பது என்றால், ஒரு வீட்டில் அறைகளுக்கு இடையே கதவு வைப்பது போன்றது. பல சிறிய அலுவலகங்களில் அந்தக் கதவு கிடையாது. கணக்குப் பிரிவின் கணினியும் பிரிண்டரும் கண்காணிப்பு கேமராவும் பார்வையாளருக்குத் தரப்படும் வைஃபையும் ஒரே இணைப்பில் இருக்கும். எல்லோரும் நிர்வாகி அதிகாரத்துடன் உள்ளே நுழைவார்கள். கடவுச்சொல் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். யாரோ கொண்டுவரும் ஒரு பென் டிரைவ் போதும், அறை முழுவதும் விழுந்துவிடும்.

2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் ஒரு நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது, ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பணப் பரிமாற்றம் ஒரு நாளளவுக்குத் துண்டிக்கப்பட்டது. பெரிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குச் செய்தியாக மட்டுமே தெரிந்த அந்த நிகழ்வு, கூட்டுறவு வங்கியை நம்பியிருந்த சாமானியர்களுக்குப் பட்டுவாடா நின்ற நாள். ஊறு நேரும்போது முதலில் பாதிக்கப்படுவோர், மாற்று வழி இல்லாதவர்களே.

இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஒரு ஆணை பிறப்பித்தது. இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள்கள் காக்க வேண்டும், கணினிகளின் கடிகாரங்களை ஒரே நேரத்துடன் இணைக்க வேண்டும் என்கிறது அது. அரசு அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். தேய்ந்த பேட்டரியை மாற்ற ஆளில்லாத அலுவலகம் இந்த ஆணையை எப்படி நிறைவேற்றும்?

விண்டோஸ் 10க்குப் பிறகு

இந்தக் கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டோம். 2025 அக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டது. அந்தக் கணினிகள் நின்றுவிடவில்லை, வழக்கம்போல இயங்குகின்றன. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அவற்றில் அடைபடாமலே கிடக்கும். விண்டோஸ் 11க்கு மாற டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் தேவை. 2018க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை இந்தத் தகுதியைப் பெறுவதில்லை. நிறுவனங்கள் பணம் செலுத்தி மூன்று ஆண்டுகள்வரை புதுப்பிப்புகளைப் பெறலாம். பொதுக் கட்டணம் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், அதாவது 5,000 ரூபாய்க்கு மேல். பிறகு ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும்.

மூன்று வழிகள் உள்ளன: புதிய கணினி வாங்குவது, பணம் கட்டிக் காலத்தை நீட்டிப்பது, லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறுவது. மூன்றாவது வழி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. எல்காட் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே லினக்ஸைப் பயன்படுத்திப் பார்த்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் இடம்பெற்றிருந்தது. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வியை நடத்துகின்றன. உலாவி வழியே மட்டும் நடக்கும் வேலைகளுக்குப் பழைய கணினிகளை இவ்வாறு மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். அவை மின்கழிவாக மலையில் குவிவதும் தவிரும்.

ஆனால், மாற்றம் சொடுக்கும் நேரத்தில் நடப்பதல்ல. கைரேகைக் கருவிக்கு, மின்னணுக் கையொப்ப டோக்கனுக்கு, பழைய பிரிண்டருக்கு அந்த இயங்குதளத்தில் டிரைவர் உண்டா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். தமிழுக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. ஒருங்குறியையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தமிழக அரசு 2010லேயே தரமாக அறிவித்தது. எனினும், அதற்கு முன்னும் பின்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் அலுவலகங்களில் நிறையவே உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் திறக்கும். எந்தக் கணினியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தப் பட்டியலே பல இடங்களில் இல்லை என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை.

வாங்குவதும் காப்பதும்

கணினி வாங்குவது நிகழ்ச்சி, பராமரிப்பது வேலை. முதலாவதற்குத் திட்டமும் நிதியும் திறப்பு விழாவும் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்ற ஒரு தாள் மட்டுமே உண்டு. குறைந்த விலைப்புள்ளி தந்தவருக்கு ஒப்பந்தம் செல்கிறது. பழுதான பிறகு அழைத்தால் வருவார். பழுதாகாமல் பார்த்துக்கொள்வது அவரது வேலையல்ல. உதிரி பாகங்கள் ஒப்பந்தத்துக்குள் அடங்குமா என்பதில் ஒவ்வொரு முறையும் தகராறு எழும். சமவெளியின் தூரத்தைக் கணக்கிட்டு எழுதிய நிபந்தனைகள், வளைவுகளும் மண்சரிவும் உள்ள மலைக்கு அப்படியே பொருத்தப்படுகின்றன.

விளைவாக, கணினி ஓரளவு தெரிந்த ஓர் இளநிலை உதவியாளரோ தற்காலிகப் பணியாளரோ அலுவலகத்தின் அறிவிக்கப்படாத தொழில்நுட்பராக மாறுகிறார். அவருடைய சொந்த வேலை தேங்குகிறது. சரிசெய்தால் பாராட்டு இல்லை. ஏதேனும் அழிந்துபோனால் பழி மட்டும் அவருக்கு. அவர் மாறுதலாகிச் செல்லும்போது கடவுச்சொற்களும் அனுபவமும் அவரோடு போய்விடுகின்றன. இவர்களது உழைப்பால்தான் பல அலுவலகங்கள் இன்று ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே வேளையில், தனிமனிதரின் நல்லெண்ணத்தை ஒரு மாவட்டத்தின் கட்டமைப்பாக நினைப்பது சரியல்ல.

செய்யக்கூடியவை

நீலகிரி சிறிய மாவட்டம். 6 வட்டங்கள், 35 ஊராட்சிகள். முன்மாதிரியாக ஒரு பராமரிப்பு ஏற்பாட்டை நடத்திப் பார்க்க ஏற்ற அளவு. முதலாவதாக, வட்டத்துக்கு ஒரு கணினிப் பராமரிப்புக் குழு வேண்டும். அந்த வட்டத்தின் வருவாய்த் துறை, ஊராட்சி, பள்ளி, மருத்துவமனை அலுவலகங்கள் அனைத்துக்கும் அது பொதுவாக இருக்கலாம். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் கட்டணம் செலுத்தி இணையலாம். மாவட்டத்தின் ஐடிஐகளிலும் கல்லூரிகளிலும் கணினி படித்துவிட்டு, வேலைக்காகக் கோவைக்கும் பெங்களூருவுக்கும் இறங்கிச் செல்லும் இளைஞர்களுக்கு இது சொந்த ஊரில் ஒரு தொழில். குழுவின் கையில் பவர் சப்ளை, ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, கேபிள், இரண்டு மாற்றுக் கணினிகள் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். பழுதான கணினியைச் சரிசெய்யும்வரை வேலை நிற்காமல் இருக்க மாற்றுக் கணினி அவசியம்.

இரண்டாவதாக, இரண்டு பதிவேடுகள். ஒன்று சொத்துப் பதிவேடு: கணினி எப்போது வாங்கப்பட்டது, எந்த இயங்குதளம், கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது எப்போது, யுபிஎஸ் பேட்டரியின் வயது என்ன. மற்றொன்று கோளாறுப் பதிவேடு: அறிகுறி, காரணம், தீர்வு, முடங்கிய நேரம். ஆறு மாதங்கள் இதை நேர்மையாக எழுதினாலே, ‘சர்வர் டவுன்’ என்று சொல்லப்பட்டவற்றில் எத்தனை உண்மையில் சர்வரின் கோளாறு, எத்தனை மின்சாரத்தின் கோளாறு, எத்தனை கவனிப்பின்மை என்று தெரிந்துவிடும். எங்கே பணம் செலவிட வேண்டும் என்பதையும் அதுவே காட்டும். எர்த் இணைப்புக்குச் செலவிட வேண்டிய தொகையைப் புதிய கணினிகளுக்குச் செலவிடுவது வீண்.

மூன்றாவதாக, நகலெடுப்பு. முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வேறு சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது நெட்வொர்க்குக்கு வெளியே, வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். நிலச்சரிவும் தீநிரலும் ஒருசேர அச்சுறுத்தும் மலையில் இது மிகையல்ல. எடுத்த நகல் மீண்டும் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் இதில் அடக்கம். திறக்காத நகல் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. இவற்றோடு, அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமற்ற கணக்கு, ஊழியருக்கு ஒரு தனிக் கடவுச்சொல், பார்வையாளர் வைஃபைக்குத் தனி இணைப்பு ஆகியவற்றைச் செயல்படுத்தப் பெரும் செலவும் ஆகாது.

இவை எல்லாவற்றுக்கும் பணம் எங்கே என்ற கேள்வி எழும். கணினிக் கொள்முதலுக்கு ஒதுக்கும்போதே, அதன் ஆயுட்காலப் பராமரிப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்குவதே நேரான வழி. சாலைக்கும் பாலத்துக்கும் பராமரிப்பு நிதி கேட்பதை யாரும் ஆடம்பரம் என்பதில்லை.

இறுதியாக, பொதுமக்களுக்குச் சேர வேண்டிய ஒன்று. எந்த ஏற்பாடு இருந்தாலும் கணினிகள் சில நாள்கள் நிற்கத்தான் செய்யும். அன்று வருபவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அவர் வந்த நாள், கேட்ட சேவை, தடைக்கான காரணம், மீண்டும் வர வேண்டிய தேதி ஆகியவற்றை எழுதி, அலுவலக முத்திரையுடன் ஒரு சீட்டு தரலாம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இருந்தால் அந்தச் சீட்டின் தேதியையே கணக்கில் கொள்ளலாம். கைபேசி எண்ணைக் குறித்துவைத்து, கணினி சரியானதும் தகவல் சொல்லலாம். இதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். காரணத்தை எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால், காரணத்தைக் கண்டறிய வேண்டிய கட்டாயமும் தானே வந்துவிடும். பந்தலூரிலிருந்து வந்தவர் திரும்பிப் போகும்போது, எது பழுது, என்றைக்குச் சரியாகும் என்பதையாவது தெரிந்துகொண்டு போவார்.